நற்பிறப்பு என்று நான் சொன்ன சொல்

நீங்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு மொழிபெயர்க்கப் போகிறவர்கள். பேசுகிறவரின் முதுகு மட்டும் தெரிந்தாலும் உங்களுக்குப் போதும். நான் இந்த வேலைக்கு வந்தபோது பேசுகிறவரின் தோளோடு தோள் நிற்க வேண்டும். அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். அவர் கையை உயர்த்தினால் என் கையும் தானாக உயரும். அவர் தொண்டை கட்டினால் எனக்கும் இருமல் வரும். கூட்டத்தின் முகங்கள் எல்லாம் நேர் எதிரே. தப்பிக்க இடமில்லை.

பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் இங்கிலீஷ் டீச்சர். சேலையூரில் வீடு. வார நாட்களில் பாடம், சனி ஞாயிறுகளில் மேடை. நற்செய்திக் கூட்டம், தாய்சேய் நலம், கோழி வளர்ப்பு, எதுவானாலும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து இறங்கினால் ஆள் அனுப்புவார்கள். ஒருமுறை ஒரு விவசாய நிபுணர் எங்கள் ஊரில் இலையுதிர் காலத்தில்தான் கோதுமை விதைப்போம் என்றார். அந்தப் பருவத்துக்கு அவர் சொன்ன ஆங்கில வார்த்தைக்கு ‘விழுதல்’ என்றும் அர்த்தம் உண்டு. ‘விழும்போது கோதுமை விதைப்போம்’ என்று நான் கம்பீரமாகச் சொன்னேன். மேடவாக்கத்து விவசாயிகள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் எப்படி வேண்டுமானாலும் விதைப்பான் என்று நினைத்திருப்பார்கள்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இன்று நான் சொல்ல வந்தது வேறு. நம் தொழிலில் ‘நான்’ என்ற ஒரு சொல்லை நாம் இரவல் கொடுக்கிறோம். பேசுகிறவர் ‘எனக்குப் பசிக்கிறது’ என்றால் நாமும் ‘எனக்குப் பசிக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவருக்குப் பசிக்கிறதாம்’ என்று நடுவில் நம் தலையை நீட்டக் கூடாது. இந்த விதியை எல்லோரும் முதல் நாளே படித்துவிடுகிறோம். இதன் கனம் எனக்குத் தெரிந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில், ஒரு சனிக்கிழமை மாலையில்.

மாதர் சங்கம் ஒன்று குடும்ப நலத்தைப் பற்றி மூன்று நாள் சொற்பொழிவு ஏற்பாடு செய்திருந்தது. பேச வந்தவர் வயதான இங்கிலீஷ் டாக்டர். நல்ல உயரம், மெல்லிய குரல், யாரையும் கடிந்து பேசத் தெரியாத முகம். இரண்டாம் நாள் பேச்சின் குறிப்பை முந்தின நாளே எனக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு சொல் இருந்தது. யூஜெனிக்ஸ்.

நான் அதுவரை அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னதில்லை. பள்ளி நூலகத்து அகராதிகளைப் புரட்டினேன். ஒன்றில் இன மேம்பாட்டியல் என்று இருந்தது. இனம் என்றால் எங்கள் பக்கத்தில் ஜனங்கள் எந்த இனத்தை நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றில் குடி, குலம் என்றெல்லாம் வந்தது. நல்ல குலத்தில் பிறப்பதைப் பற்றிய அறிவியல் என்று நான் மேடையில் சொன்னால், அரங்கில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள், மீதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். டாக்டர் சாதியைப் பற்றிப் பேசவே இல்லை என்று அதற்குப் பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால் கூட்டம் தொடங்குவதற்கு முன், தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவரிடமே போய் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொற்களின் மேல் ஆசை உள்ளவர் போலிருக்கிறது. அது கிரேக்கத்திலிருந்து செய்த சொல் என்றார். முன்பாதிக்கு ‘நல்ல’ என்று பொருள், பின்பாதிக்குப் ‘பிறப்பு’. நன்றாகப் பிறந்தது, பிறக்கும்போதே நல்ல குணங்களைக் கொண்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அவர் நாட்டு அறிஞர் ஒருவர் அதை உண்டாக்கினாராம். பரிணாமத்தைப் பற்றி எழுதிய பெரிய விஞ்ஞானிக்குச் சொந்தக்காரர். எதையும் அளக்காமல் விடமாட்டாராம். கூட்டத்தில் சலிப்பு வந்தவர்கள் எத்தனை தடவை நெளிகிறார்கள் என்றுகூட எண்ணியவராம். குதிரையையும் நாயையும் தேர்ந்தெடுத்து இணை சேர்த்து நல்ல சந்ததி எடுக்கிறோமே, மனிதர்களிடமும் அதைச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வேறு ஒரு சொல்லையும் யோசித்துப் பார்த்துவிட்டு, இதுதான் பாந்தமாக இருக்கிறது என்று இதை வைத்துக்கொண்டாராம்.

நான் கையில் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது. ஒரு மனிதர் தன் மேஜையில் உட்கார்ந்து பழைய மொழியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டியிருக்கிறார். அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு சொல் உண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அது கடல் தாண்டியது. பல நாடுகளில் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது. பிள்ளை பெறத் தகுதியில்லை என்று சிலரைப் பிரித்து, அவர்களைக் கேட்காமலே அறுவை செய்ய வைத்தது. ஜெர்மனிக்குப் போய்க் கொலைக்களம் வரை நடந்தது. அதைச் சொல்லும்போது டாக்டர் குரலைத் தாழ்த்தினார். அவர்கள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள், அதன் நோக்கம் நல்லதுதான் என்றார். எனக்கு அந்தப் பயணம்தான் பிரமிப்பாக இருந்தது. இப்போது அது மின்சார ரயில் ஓடுகிற தாம்பரத்துக்கு வந்து, தமிழில் ஒரு பெயர் கொடு என்று என் முன்னால் நிற்கிறது.

நற்பிறப்பியல் என்று வைத்தேன். குலமும் இல்லை, இனமும் இல்லை. அதை உண்டாக்கியவர் என்ன ஒட்டினாரோ அதையே நானும் ஒட்டினேன்.

கூட்டம் நிறைந்திருந்தது. டாக்டர் பேசினார், நான் சொன்னேன். நற்பிறப்பியல் என்ற சொல் முதல் முறை வந்தபோது பெண்கள் பக்கத்தில் சிலர் தலையசைத்ததைப் பார்த்தேன். அழகான சொல்லாகத்தான் காதில் விழுந்தது. யாருக்குத்தான் பிள்ளை நன்றாகப் பிறக்கக் கூடாது என்று இருக்கும்?

பேச்சு முடிந்து கேள்விக்கு நேரம் விட்டார்கள். நடு வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பெயர் எஸ்தர் என்று பிறகு தெரிந்தது. கீழ்க்கட்டளையில் மாடு வைத்துப் பால் ஊற்றி, கணவர் இறந்த பின் தனியாளாக மகனை வளர்த்தவர். மகன் சாமுவேல், கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா என்ன கேட்கப் போகிறார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“டீச்சரு, நான் கேக்கறத அவராண்ட அப்டியே கேளு. எம்புள்ள ஒரு பொண்ணத்தான் கட்டுவேன்னு நிக்கறான். பொண்ணு தங்கமானதுதான், நான் குத்தம் சொல்லல. ஆனா அதுக்கு நண்டுக் கை. அவங்க அப்பாருக்கும் அப்டித்தான் கீது. பொறக்கற புள்ளைக்கும் வருமா? இந்தப் பொண்ண கட்டலாமா, வாணாமா? இத்தினி படிச்சவரு சொன்னா நான் கேட்டுக்கறேன்.”

கேட்டு முடித்ததும் கூட்டம் ஒரு பக்கமாகத் திரும்பியது. அந்தப் பெண்ணும் அங்கேயே இருந்தாள். சுவரோரம், தன் அப்பாவுக்குப் பக்கத்தில். எஸ்தர் அம்மாதான் அவர்களையும் வரச் சொல்லியிருக்கிறார். பீர்க்கன்கரணையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜீவரத்தினத்தின் மகள். தாம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் தமிழ் டைப்பிஸ்ட். ஒவ்வொரு கையிலும் இரண்டே விரல்கள், நடுவில் ஆழமான பிளவு. டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் அந்தக் கைகளால் பாஸ் செய்தவள். அத்தனை பேர் பார்த்தபோதும் அவள் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை. மடியில் இருந்த பையின் மேல் அவை அப்படியே இருந்தன.

கேள்வியை மொழிபெயர்ப்பதற்கு முன் நான் அவளைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையசைத்தாள். நான் டாக்டரிடம் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பெண்ணின் அப்பாவைப் பெற்றவர்களில் யாருக்காவது இருந்ததா என்று விசாரித்தார். தன் அம்மாவுக்கு இருந்தது என்று ஜீவரத்தினம் எழுந்து சொன்னார். அப்படியானால் இது பரம்பரையாக வருவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் காசைச் சுண்டிப் போடுவது போலத்தான், வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். இதுவரை சிக்கல் இல்லை. நான் சொன்னேன். எஸ்தர் அம்மா விடவில்லை. கட்டலாமா வேண்டாமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை என்றார்.

டாக்டர் அதே மெல்லிய குரலில், நற்பிறப்பியலை நம்புகிறவன் என்ற முறையில் கேட்டால், இந்தத் திருமணம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், திருமணம் செய்துகொண்டாலும் அவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கில் பலருக்கு அது புரியவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

மேடையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சங்கத் தலைவி அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும். என் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தார். “அதை அப்படியே சொல்லாதே. பாத்துச் சொல்லு” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பாத்துச் சொல்ல எனக்குத் தெரியாதா? வாக்கியம் தயாராகவே நாக்கில் வந்து நின்றது. நன்றாக யோசித்து முடிவு எடுங்கள் என்கிறார் டாக்டர். அவ்வளவுதான். யாருக்கும் வலிக்காது, டாக்டருக்கும் தெரியாது. மறுவாரம் அவர் கப்பலேறிப் போய்விடுவார். நீங்களும் இந்த இடத்துக்கு ஒருநாள் வருவீர்கள். நல்ல மனசோடு ஒருவர் உங்கள் முந்தானையை இழுப்பார்.

நான் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்திருந்தாள், அதுதான் காரணம். அவளைப் பற்றி ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது. அது என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டால், அவளைப் பற்றி எனக்கும் தலைவி அம்மாவுக்கும் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. அந்த உரிமை எனக்கு யார் கொடுத்தது?

“நற்பிறப்பியலை நம்புகிறவன் என்ற முறையில் கேட்டால், இந்தத் திருமணம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். திருமணம் செய்துகொண்டாலும் பிள்ளை பெறக் கூடாது.”

நான் என்றேன். நான் சொல்வேன் என்று என் வாயால், என் குரலில் சொன்னேன். முந்தானையில் இருந்த பிடி விட்டுப்போனது. சாமுவேல் பாதி எழுந்தான், அம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். வக்கீல் ஆபீசில் சொன்னதைத் திரும்பப் படித்துக் காட்டுகிறவளைப் போலத்தான் பேசினாள்.

“டீச்சர், அவர் சொல்றது எங்க பாட்டி காலத்துலயே நடந்திருந்தா எங்க அப்பா இல்ல. எங்க அப்பா காலத்துல நடந்திருந்தா நான் இல்ல. நான் பொறந்தது தப்பான்னு அவரைக் கேளுங்க.”

இப்போது நான் அவளாக வேண்டும். டாக்டர் பக்கம் திரும்பினேன். பாட்டி, அப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வாக்கியம் வந்தது. நான் பிறந்தது தப்பா? ஆங்கிலத்தில் ‘நான்’ என்பது ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தைச் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. சற்று முன் அதே வாயால் நான் அவளை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இப்போது அதே வாயால் நான் பிறந்தது தப்பா என்று கேட்கிறேன். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேருடைய ‘நான்’ என் வழியாகப் போயிருக்கிறது. என் உடம்பு சிலிர்த்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, பேச்சை எங்காவது தொடங்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, அவள் பெயரைக் கேட்டார்.

“யூஜினி” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு இல்லை, எனக்குத்தான் சொன்னார், அதே சொல் என்று. மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார்.

நான் கூட்டத்தைப் பார்த்து, இந்தப் பெண்ணின் பெயரும் இவ்வளவு நேரம் நாங்கள் பேசிய சொல்லும் ஒன்றுதான், இரண்டுக்கும் நன்றாகப் பிறந்தவர் என்பதுதான் பொருள் என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் சபைகளில் யூஜின்களும் யூஜினிகளும் எத்தனை பேர். என் வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள். தினமும் வருகைப் பதிவில் கூப்பிட்ட பெயர். அகராதி அகராதியாகத் தேடியபோது அது என் காதில் விழவே இல்லை.

சுவரோரத்தில் ஜீவரத்தினம் எழுந்தார். தன் பெரிய இரண்டு விரல்களால் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினார். இந்தப் பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்த எல்லோரும் குறையாகப் பிறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அவருக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனபோது பாஸ்டரய்யா பிள்ளையின் இரண்டு கையையும் வெளியே எடுத்துப் பார்த்தாராம். அவர் கிரேக்கம் படித்தவர். நன்றாகப் பிறந்தவள் என்று பேர் வை, கூப்பிடுகிறவன் ஒவ்வொருவனும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாராம்.

அதையும் நான் டாக்டருக்குச் சொன்னேன். ஒரு மேஜையில் ஒருவர் அந்த இரண்டு துண்டுகளை ஒட்டி இப்படிப்பட்ட பிள்ளைகள் வேண்டாம் என்றார். இன்னொருவர் ஒரு சின்னக் கோயிலில், அப்படிப்பட்ட பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, அதே இரண்டு துண்டுகளை அவள் தலையில் வைத்திருக்கிறார். சொல் என்ன செய்யும், பாவம். யார் கையில் போகிறதோ அதன்படி.

டாக்டர் மேடை விளிம்புவரை நடந்து வந்தார். நானும் கூட வந்தேன். அவர் அவளைப் பார்த்தே பேசினார். இல்லை, நீ பிறந்தது தப்பில்லை என்றார். வருமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொன்னேன், கட்டலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இருப்பது போலச் சொல்லிவிட்டேன், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். “இளைஞனாக இருந்த காலத்திலிருந்து இந்தச் சொல்லைச் சொல்லி வருகிறேன். இன்றைக்குத்தான் இதை ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.”

எஸ்தர் அம்மாவுக்கு இது எதுவும் ஒத்துவரவில்லை. அப்போது இவர் என்னதான் சொல்கிறார், நம் இஷ்டம் என்கிறாரா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். இதைச் சொல்லவா இவ்வளவு தூரத்திலிருந்து வந்தார் என்று மகனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசல் படியில் யூஜினி என்னிடம் வந்தாள். முதலில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேனா, குறைத்துச் சொன்னேனா என்று கேட்டாள். அப்படியேதான் என்றேன்.

“நல்லதாப் போச்சு டீச்சர். கொறச்சு சொல்லியிருந்தா நான் எழுந்தே இருக்க மாட்டேன்.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதற்குமேல் ஒன்று இல்லை. மென்மையாக்குவது கருணை என்று நினைக்கிறோம். அடி விழுந்தது தெரியாதவனால் தடுக்க முடியாது. பதில் சொல்ல ஆளிருக்கும்போது அவர் சார்பில் நாம் பயப்படக் கூடாது. சங்கத் தலைவி அம்மா அதற்குப் பிறகு வெகுநாள் என்னைக் கூப்பிடவில்லை, அது வேறு. மூன்றாம் நாள் பேச்சில் டாக்டர் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு ஊர் போனார்.

எஸ்தர் அம்மா லேசில் இறங்கவில்லை. சாமுவேலும் வேறு பெண் பார்க்க விடவில்லை. கடைசியில் பீர்க்கன்கரணையில் கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். மூத்தது பையன், நம்மைப் போலக் கைகள் என்றும் யாரோ சொன்னார்கள்.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து ஒரு காலை வேளையில் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் எஸ்தர் அம்மா, மடியில் ஒரு கைக்குழந்தை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். இது ரெண்டாவது, பொண்ணு, அவங்க அம்மா ஆபீசுக்குப் போயிருக்கு, நான் சைதாப்பேட்டையில் தங்கச்சி வீட்டுக்குத் தூக்கிப் போகிறேன் என்றார். குழந்தை துணிக்குள் கழுத்துவரை சுற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. நானாக எதையும் கேட்கவில்லை.

குரோம்பேட்டையில் ஏறிய ஓர் அம்மா எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். வண்டி குலுங்கியதில் குழந்தை விழித்து, கையை உதறித் துணியைத் தள்ளிவிட்டது. இரண்டு விரல். எதிரே இருந்தவர் பார்த்துவிட்டார். பாவம், கை ஏன் இப்படி, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

எஸ்தர் அம்மா துணியை மூடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை முழுவதுமாக அவிழ்த்தார். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இன்னாத்துக்கு சரி பண்ணணும்? இது எங்க வூட்டுக் கை.”

எதிரே இருந்தவர் சமாதானமாக ஒரு விரலை நீட்டினார். குழந்தை தன் இரண்டு விரல்களுக்கு நடுவில் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு, மீனம்பாக்கம் தாண்டியும் விடவில்லை. நான் இறங்க வேண்டிய பல்லாவரம் எப்போதோ போயிருந்தது.